மற்றவை என்றொரு ஃபோல்டர்

என்ன தொழில் என்று யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். மேற்கொண்டு விளக்கப் போனால் அவர்கள் வீட்டுப் பிரிண்டரைச் சரிபார்த்துத் தரச் சொல்வார்கள். உண்மையில் நான் செய்வது மெயில் சர்வர் வேலை. எங்கள் பக்கத்து அச்சகங்களும் பட்டாசுக் கம்பெனிகளும் சொந்தப் பெயரிலேயே மெயில் முகவரி வேண்டும் என்று ஆசைப்பட ஆரம்பித்தார்கள். அந்த ஆசையில்தான் எனக்குச் சோறு. விருதுநகரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு சிவகாசி வரைக்கும் பைக்கில் போய் வருவேன். கெட்டிக்காரன் என்று பெயர் உண்டு. கோபக்காரன் என்றும் பெயர் உண்டு. இரண்டாவது பெயரிலும் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது, அந்த வருடம் வரைக்கும்.

அந்த வருடம் ஒரு தினசரி காலண்டர் கம்பெனிக்குப் புது மெயில் சர்வர் போட்டுக் கொடுத்தேன். அவர்களுக்கு அச்சகம் சிவகாசியில், ஆர்டர் ஆபீஸ் விருதுநகரில். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள், நானும் அப்படித்தான். ஊர் ஊருக்கு ஏஜெண்டுகள் உண்டு. சீசனில் எல்லா ஊர் மெயிலும் ஒரே பெட்டியில் வந்து குவிந்து, கோவை ஆர்டர் சேலத்துக்கும் சேலம் ஆர்டர் குப்பைக்கும் போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "ஊருக்கு ஒரு டப்பா வச்சுக் குடுங்க தம்பி, அதது அங்கங்க போய் விளுகணும்" என்றார்.

மெயில் வந்து இறங்கும் மெஷின் விருதுநகரில் இருந்தது. அதைப் படித்து வேலை பார்க்க வேண்டியவர்கள் சிவகாசியில். அதனால் மெயில் பெட்டியை அச்சகத்து மெஷினில் வைத்தேன். விருதுநகர் மெஷின் ஒவ்வொரு மெயிலையும் யார் அனுப்பியது என்று பார்க்கும். பிறகு சிவகாசி மெஷினில் அந்த ஊருக்கென்று இருக்கிற ஃபோல்டரில் நேராகக் கொண்டுபோய்ப் போட்டுவிடும். மதுரைக்காரர் அனுப்பினால் மதுரை, ஈரோட்டுக்காரர் அனுப்பினால் ஈரோடு. பெயர் தெரியாத ஆட்கள் அனுப்பினால் மற்றவை. சீசனில் ஏஜெண்டு அல்லாதவர்களுக்குக் காலண்டர் கிடையாது. ஆகவே மற்றவையைத் தைப்பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அண்ணாச்சியின் முடிவு.

அச்சகத்தில் ஆர்டர் மேசை ஒரு அக்காவின் பொறுப்பில் இருந்தது. ஐம்பதை நெருங்கும் வயது. ஆமத்தூர்ப் பக்கம் சொந்தமாகத் தோட்டம், கிணறு எல்லாம் உள்ள வீடு. காலையில் கம்பெனி வேனில் வந்து இறங்குவார். எனக்கு வெகு நாளாகப் பழக்கம். நான் வந்தால் தன் டிபன் டப்பா மூடியில் பாதிச் சோற்றை எடுத்து வைத்து, "சாப்பிட்டுட்டு மெஷினோட சண்டை போடுங்க தம்பி" என்பார்.

ஆடி பிறப்பதற்கு முந்திய வாரம், பழைய மெயில்களைப் புது மெஷினுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, இதுல அழிச்சதெல்லாம் அங்கன தெரியுமா?"

"அழிச்சது அழிச்சதுதான்க்கா. ஏன்?"

அவர் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார், நானும் சுருக்கமாகவே எழுதுகிறேன். அவருக்கு ஒரே மகள். கல்லூரி முடித்த கையோடு ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொண்டு கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். பையனின் தாத்தா காலத்தில் அவர்கள் குடும்பம் அக்கா வீட்டுத் தோட்டத்தில் கூலிக்கு வந்தது. இப்போது அந்த வீட்டில் எல்லோரும் பட்டாசு ஆலைக்கு வேனில் வேலைக்குப் போகிறவர்கள். அக்காவின் கணவர் மகளைத் தலைமுழுகிவிட்டார். வீட்டில் இருந்த அவளுடைய படங்களை எடுத்துவிட்டார், அக்காவின் போன் நம்பரை மாற்றினார், வாரத்துக்கு ஒருமுறை அந்தப் போனை வாங்கி யார் யார் பேசியது என்று பார்த்தார். கம்பெனிப் போன் அண்ணாச்சி வீட்டு ஆட்கள் கையில். அண்ணாச்சியும் அக்காவின் கணவரும் கோயில் கமிட்டியில் ஒன்றாக இருப்பவர்கள்.

மகள் கெட்டிக்காரி. கம்பெனி மெயிலுக்குக் காலண்டர் விசாரிப்பது போல எழுத ஆரம்பித்தாள். "ஐயா, தாங்கள் அனுப்பிய மாதிரி நன்றாக இருக்கிறது, நாங்கள் இருவரும் பார்த்தோம்" என்று எழுதினால் இருவரும் நலம். வாடகைக்கு வீடு கிடைத்ததை, "சரக்கு வைக்க இடம் பார்த்துவிட்டோம்" என்று எழுதினாளாம். அக்கா அதைப் படிப்பார், யாருக்கும் அனுப்புகிற அதே பதிலை அனுப்புவார், உடனே அழித்துவிடுவார். பதில் ஒரே வரி. உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி. அனுப்பிய மெயில்களை அண்ணாச்சி எப்போதாவது பார்ப்பார் என்பதால் அதற்கு மேல் ஒரு எழுத்து சேர்த்ததில்லை. மகளின் முகவரியைக்கூட எங்கும் எழுதி வைக்கவில்லை. வந்த மெயிலுக்குப் பதில் போடுவது வேலை, தானாக ஒரு மெயில் எழுதினால் அது துரோகம், வீட்டில் பிடிபட்டால் அவ்வளவுதான் என்று அந்தப் பயம் அவருக்குள் ஒரு சட்டமாகவே இருந்தது.

"மாசத்துக்கு ஒண்ணு வரும் தம்பி. இப்ப அவ முளுகாம இருக்கா. ஆறு மாசம்."

கேட்டதும் எனக்கு மனசு இளகிவிட்டது. கூடவே என் மண்டைக்கும் வேலை கிடைத்தது. "அக்கா, கவலைய விடுங்க. உங்க பிள்ளை மெயில் மத்ததுல வந்து விளுகும். அண்ணாச்சி பொங்கல் வரைக்கும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாக. இதவிடப் பத்திரமான எடம் வேற இல்ல" என்றேன். இன்னொரு யோசனையும் சொன்னேன். மற்றவைக்கு வருகிற மெயில்களுக்கு ஒரு வரி பதில் தானாகப் போக வேண்டும் என்று அண்ணாச்சி கேட்டிருந்தார். அந்தப் பதில் அனுப்பிய மெயில்களில் பதிவாகாதபடி வைக்கலாம். என்ன வாசகம் போட என்று அக்காவிடமே கேட்டேன். அவர் வழக்கமாகப் போடும் அதே வரியைச் சொன்னார். நான் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி, "அப்ப நான் போடாமலே அவளுக்குப் பதில் போயிருமா?" என்று கேட்டார்.

"போயிரும். உங்களுக்கு வேலை மிச்சம்."

அவர் முகத்தில் வந்தது சந்தோஷமா வேறு ஏதோவா என்று அப்போது நான் பார்க்கவில்லை. பார்க்கிற ஆளாக நான் இல்லை.

எங்கள் பக்கம் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்துக்குப் பூஜை போட்டு ஆர்டர் எடுக்க ஆரம்பிப்பது ஆடிப் பதினெட்டில். புது மெயிலும் அன்றைக்குத்தான் ஓட ஆரம்பிக்க வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். நல்ல நேரத்தை லட்சக்கணக்கான தாளில் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுக்கிறவர்கள், தங்கள் வேலைக்கு அதைப் பார்க்காமல் விடுவார்களா? சர்வருக்குச் சந்தனம் வைத்து, மேலே கதம்பம் சுற்றினார்கள். பூவை எடுங்கள், காற்று போகிற வழியை அடைக்கிறது என்று நான் கத்தினேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. அண்ணாச்சி சொல்லி மதுரை ஏஜெண்டு பிள்ளையார் சுழி மட்டும் போட்டு ஒரு மெயில் அனுப்ப, அது மதுரை ஃபோல்டரில் போய் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

ஏஜெண்டு ஃபோல்டர்கள் ஒவ்வொன்றையும் நானே கையால் உண்டாக்கி, அக்காவின் திரையில் தெரிகிறதா என்று பார்த்து, ஒரு மெயில் விட்டுச் சோதித்தேன். கடைசியில் மற்றவை மட்டும் பாக்கி. நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. அண்ணாச்சி என் தோளில் கை வைத்து, "மத்தது இன்னைக்கு வேண்டாம் தம்பி. போன வருசம் தாள் கிளிஞ்சிருந்துச்சு, அச்சு மங்கிருச்சுன்னு எளுதுறவன் மெயிலெல்லாம் அதுலதான வரும்? நல்ல நாள்ல அந்தக் கதவத் தொறக்க வேண்டாம். ஆர்டர் மட்டும் வரட்டும்" என்றார். எனக்கும் பசி. முதல் மெயில் வரும்போது அந்த ஃபோல்டரை சர்வரே உண்டாக்கிக்கொள்ளும்படி ஒரு வரி எழுதிவிட்டு இலையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் வந்து ஒரு மெயில் விட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் வேறொரு கம்பெனியில் மெஷின் படுத்துவிட்டது. அதற்கடுத்த நாள் நினைப்பே இல்லை.

ஆவணி பாதியில் அக்கா முதல் தடவையாகக் கேட்டார். நான் பேப்பர் கட்டுகளுக்கு நடுவே வயர் இழுத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, மத்ததுன்னு சொன்னீகளே, அது இன்னும் இதுல வரலையே?"

"மெயில் வந்தாத்தான்க்கா அந்த ஃபோல்டரே தெரியும். இன்னும் யாரும் போடலன்னு அர்த்தம்."

"சரி தம்பி."

இரண்டாவது தடவை புரட்டாசிக் கடைசியில். தீபாவளி நெருக்கத்தில் சிவகாசி எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டில் பைக்கை நிறுத்த இடம் இருக்காது. அக்கா அச்சகத்து வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். மகளுக்கு இது பேறு மாதம் என்றும், ஒருவேளை பிறந்தே இருக்கலாம் என்றும், எதுவும் வரவில்லையா என்றும் கேட்டார். நான் பைக்கை விட்டு இறங்கவில்லை. "வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஊரில் உள்ள ஆகாவழி மெயிலெல்லாம் வந்து விழுகிற முகவரி அது. இரண்டு மாதமாக ஒரு வேற்று மெயில்கூட வரவில்லை என்றால் தொழில் தெரிந்தவன் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்குச் சந்தேகமே வரவில்லை. நான் வைத்த சர்வர் தப்பு செய்யாது என்று அவ்வளவு நம்பிக்கை.

மூன்றாவது தடவை கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை. வியாழக்கிழமைதோறும் அக்கா அச்சான தாள்களை எடுத்துக்கொண்டு விருதுநகர் ஆபீஸுக்கு வருவார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அது வழக்கம். அன்று காலையிலிருந்து மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வெளியே போயிருந்ததால் அக்கா சும்மா உட்கார்ந்திருந்தார். நான் ஆர்டர் பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக் கை எல்லாம் மையாக நின்றேன். அக்கா எழுந்து வந்து மெதுவாக, "ஒரு தடவ உள்ள போய்ப் பாத்துருங்களேன் தம்பி. என்னமோ மனசு கெடந்து அடிக்கி" என்றார்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, உங்க பிள்ளை போட்டாத்தான வரும்? அது போடலன்னா நான் என்ன செய்ய? மெஷினையே சொல்லிக்கிட்டு இருக்காதீக."

ஆபீஸில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மகளைப் பற்றி நான் வாய்விட்டுச் சொன்னதை அவர்கள் கேட்டார்களோ என்று அக்கா திரும்பிப் பார்த்தார். அவர்கள் கவனிக்கவில்லை. அவர் தன் இடத்தில் போய் உட்கார்ந்து தாள்களை எண் வாரியாக அடுக்க ஆரம்பித்தார். பன்னிரண்டு மணி வரைக்கும் அடுக்கினார். அதற்குப் பிறகு என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை.

தைப்பொங்கல் முடிந்து சீசன் ஓய்ந்தது. எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம் என்று அச்சகத்து மெஷினில் உட்கார்ந்தேன். சர்வரில் ஃபோல்டர்களை எண்ணினால் அக்காவின் திரையில் இருப்பதைவிட ஒன்று கூடுதலாக இருந்தது. திறந்தேன். மற்றவை. உள்ளே நூற்றுக்கணக்கில் மெயில்கள்.

நடந்தது இவ்வளவுதான். மெயில் படிக்கிற புரோகிராம் சர்வரில் உள்ள எல்லா ஃபோல்டரையும் காட்டாது. காட்ட வேண்டியவை என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் சேர்த்ததை மட்டும் காட்டும். ஏஜெண்டு ஃபோல்டர்களை நான் கையால் உண்டாக்கியபோது பட்டியலிலும் சேர்த்திருந்தேன். மற்றவைக்கு, இல்லையென்றால் உண்டாக்கிக்கொள் என்று ஒரு வரி எழுதினேன். உண்டாக்கியதைப் பட்டியலிலும் சேர்த்துக்கொள் என்று இன்னொரு வரி எழுத வேண்டும். அதை எழுதவில்லை. முதல் வேற்று மெயில் வந்த அன்றே சர்வர் சொன்னபடி ஃபோல்டரை உண்டாக்கியிருக்கிறது. அன்றிலிருந்து ஒன்று விடாமல் அதில் போட்டு வந்திருக்கிறது. எங்கும் ஒரு பிழைச் செய்தி இல்லை. ஒவ்வொன்றுக்கும் நேராகச் சேர்க்கப்பட்டது என்றே பதிவாகியிருந்தது.

காலண்டர் விசாரணை என்று தலைப்பிட்டவற்றைத் தேடினேன். ஆறு இருந்தன. பிறர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்பது என் தொழிலில் முதல் ஒழுக்கம். அன்று படித்தேன்.

முதல் இரண்டும் அக்கா சொன்ன பாணியில்தான். இரண்டாவதன் கடைசியில், "முன்பெல்லாம் தங்கள் பதில் வர ஒரு நாளாகும், இப்போது உடனே வந்துவிடுகிறது, எங்களுக்காகவே காத்திருப்பது போல மகிழ்ச்சியாக இருக்கிறது" என்று இருந்தது. அதைப் படித்தபோது நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது ஐப்பசியில். "ஐயா, எங்களுக்குப் புதிய மாதிரி வந்து சேர்ந்தது. மகாலட்சுமி படம். எடை இரண்டே முக்கால் கிலோ. எந்தச் சேதமும் இல்லை." அதற்குப் போன பதில், உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி.

நான்காவதில் வேஷம் பாதி கலைந்திருந்தது. கணவனுக்குத் தென்காசிப் பக்கம் வேலை மாறியிருக்கிறது. வருகிற வியாழக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து வருகிறார்கள், விருதுநகர் ஜங்ஷனில் வண்டி மாற வேண்டும், பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை பிளாட்பாரத்தில் இருப்பார்கள். "தங்களுக்கு விருதுநகர் வருகிற நாள் என்பதால்தான் அந்தக் கிழமை பார்த்து டிக்கெட் எடுத்தோம். மாதிரியை நேரில் பார்க்கலாம். வர இயலும் என்றால் வழக்கம்போல் பதில் போடவும்." பதில் போயிருந்தது. ஒரு நொடிகூடத் தாமதமில்லை.

தேதியைப் பார்த்தேன். கார்த்திகை மாதத்து அந்த வியாழக்கிழமைதான். ஆபீஸிலிருந்து ஸ்டேஷன் நடக்கிற தூரம். என் கையில் மை இருந்த நேரத்தில், அக்கா சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில், அந்தப் பெண் அங்கே நின்றிருக்கிறாள்.

ஐந்தாவது இரண்டு நாள் கழித்து. அதில் ஐயா இல்லை. "அம்மா, மழையில் பிள்ளையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டு ஏன் வரவில்லை? அப்பாவுக்குத் தெரிந்துவிட்டதா? எதுவாக இருந்தாலும் ஒரு வார்த்தை எழுது." பதில் போயிருந்தது. உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி. ஆறாவதில் ஒரே வரி. "சரிம்மா." அதற்கும் நன்றி சொல்லியிருந்தது என் சர்வர்.

அக்கா அப்போது பத்தடி தள்ளி, திரும்பி வந்த ஆல்பங்களைக் கட்டு போட்டுக்கொண்டிருந்தார். பேசாமல் மூடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அவருக்குத் தெரியாது, தெரிய வழியும் இல்லை. பிறகு கூப்பிட்டேன். என்ன நடந்தது என்பதை முதலில் சொன்னேன், என் தப்பு என்றும் சொன்னேன். அவருக்குப் பாதிதான் புரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். எடை எழுதியிருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார். நான்காவதைப் படித்து முடித்ததும், "அன்னைக்கு நான் அங்கனதான இருந்தேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கடைசி இரண்டையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"நீங்க அவளுக்கு எளுதுங்க தம்பி," என்றார். "எனக்கு இந்த மெஷின் கதையெல்லாம் சொல்லத் தெரியாது. நான் சொன்னா சாக்குன்னு நெனைப்பா. நீங்க படிச்சவுக, நீங்க சொன்னா நம்புவா."

அன்று மத்தியானமே என் முகவரியிலிருந்து எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. தானாகப் போகிற பதில் என்றால் என்ன, ஃபோல்டர் உண்டாவது வேறு, கண்ணுக்குத் தெரிவது வேறு, எந்த வரி விட்டுப்போனது என்று ஒன்று விடாமல் விளக்கினேன். சாட்சிக்கு இருக்கட்டும் என்று சர்வர் பதிவிலிருந்து அந்த ஆறு மெயில்களின் வரிகளையும் எடுத்து ஒட்டினேன். உங்கள் அம்மாமேல் துளிக்கூடத் தப்பில்லை என்று முடித்தேன். எழுதி முடித்தபோது நல்ல கடிதம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது.

"ஐயா, சிரமப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். நன்றி. நீங்கள் அனுப்பிய பதிவில் ஆறு கடிதமும் அம்மாவின் பெட்டியில் சேர்ந்துவிட்டது என்றுதான் இருக்கிறது. இருந்தாலும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். எனக்குப் புரியாதது வேறு. நான் பிள்ளை பெறப் போகிறேன் என்று அம்மாவுக்குத் தெரியும். ஐந்து மாதம் என்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்றால், என்ன ஆச்சு, ஏன் வரவில்லை என்று ஒரு தடவையாவது உங்களிடம் கேட்டார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லுங்கள், எனக்குக் கோபமில்லை. இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்."

கேட்டார்கள். மூன்று தடவை கேட்டார்கள். மூன்றாவது தடவை மனசு அடித்துக்கொள்கிறது என்று சொல்லியே கேட்டார்கள். அதை எழுதினால் நான் சொன்ன பதிலையும் எழுத வேண்டியிருக்கும். மூன்று பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதியவன் அதை மட்டும் விட்டிருந்தேன். சர்வரில் விட்ட வரி மறதியால். இந்த வரியை மறந்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

உட்கார்ந்த இடத்திலேயே இரண்டாவது கடிதம் எழுதினேன். இம்முறை விளக்கம் எதுவும் இல்லை. அக்கா எந்தெந்த நாளில் எங்கே நின்று என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், அவ்வளவுதான். ஒரு பக்கம்கூட இல்லை. அனுப்பிவிட்டு, மகளின் பதிலைத் தாளில் எடுத்துக்கொண்டு சிவகாசிக்குக் கிளம்பினேன். ஆமத்தூர் தாண்டும்போது ஒரு தடவை பைக்கை ஓரமாக நிறுத்தினேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, பதில் இன்னும் வரவில்லை என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? ஏற்கெனவே ஐந்து மாதம் ஒளித்து வைத்தவன்தானே? கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி வண்டியை எடுத்தேன்.

அக்கா படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் கேட்டத நீங்க எளுதலையா தம்பி?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, இப்போது எழுதிவிட்டேன், போய்ச் சேர்ந்துவிட்டது, படித்தால் கட்டாயம் புரிந்துகொள்வாள், பாருங்கள் கோபமில்லை என்றுதானே எழுதியிருக்கிறாள் என்று என்னென்னவோ சொன்னேன். அந்த இரண்டாவது கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

அக்கா தாளை நான்காக மடித்தார். வழக்கம்போல் அழித்துவிட அதில் வழி இல்லை, வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. என்னிடமே திருப்பித் தந்தார்.

"கோவம் இல்லன்னு எளுதிட்டாளே தம்பி," என்றார். "கோவம் இருந்தாலாவது ஒருநா வந்து எங்கூடச் சண்டை போடுவா."